மூச்சு விட்ட சுவர்

கொல்லங்கோட்டிலிருந்து மீனாட்சிபுரம் போகும் ரயில் பாதை ஓரத்தில் ஒரு சுவர் நிற்கிறது. வெட்டுக்கல் சுவர். மேலே கூரை இல்லை, பக்கத்தில் வேறு சுவர் இல்லை. மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். அதை அம்மன் கோயில் என்கிறார்கள். பொய். அது கரிக் கொட்டகையின் பின்சுவர். அந்தக் கொட்டகையில் இருந்த கரிதான் என் மகனைப் பாதி கொன்றது. மீதிப் பாதியோடு நான் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு பவர் ஹவுஸ் ஓடியது. அப்போது எங்கள் பக்கம் மலபார் ஜில்லா, மெட்ராஸ் ராஜ்யம். கேரளம் பிறகுதான் வந்தது. ராஜ்யம் மாறிய அன்றைக்கும் எனக்கு ஷிப்ட் இருந்தது. நான் பயர்மேன். பாய்லருக்குக் கரி தள்ளுகிற வேலை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கோ வடக்கே பூமியைத் தோண்டி எடுத்த கரி ரயில் வேகனில் வந்து எங்கள் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் நிற்கும். பெண்கள் கூடையில் இறக்குவார்கள். நாங்கள் அடுப்பில் தள்ளுவோம். கரி தண்ணீரைக் கொதிக்க வைக்கும், ஆவி எஞ்சினை ஓட்டும், எஞ்சின் டைனமோவைச் சுற்றும், டைனமோ கம்பிக்கு உயிர் கொடுக்கும். கம்பியின் அந்தக் கோடியில் ஒருவர் சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். அவருக்கு எங்கள் முகம் தெரியாது. கடைத்தெரு, அரிசி மில், சினிமாக் கொட்டகை, நாலைந்து பெரிய பண்ணை வீடுகள். கரண்ட் போனது அவ்வளவுக்குத்தான். கம்பெனி எங்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகள் பவர் ஹவுஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. கம்பி எங்கள் கூரைக்கு மேலே போனது. ஒரு வீட்டுக்கும் இறங்கவில்லை. நாங்கள் மண்ணெண்ணெய் வாங்கி எரித்தோம்.

அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்துத் தோல் இழுக்கும். கட்டிப்போன சாம்பலை நீளக் கம்பியால் உடைத்து இழுக்க வேண்டும். அதைச் செய்து முடித்து வெளியே வந்தால் தலை வலிக்கும். மரத்தடியில் உட்கார்ந்தால் போய்விடும். எல்லாருக்கும் அப்படித்தான். வெக்கையில் வருகிறது என்று நினைத்திருந்தோம். வேறு மாதிரி நினைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் சனத்துக்கு விறகு தெரியும். வறட்டி தெரியும், பனை மட்டை தெரியும். இவையெல்லாம் நனைந்தால் எரியாது. ஊதி ஊதிக் கண் போகும். கரி மட்டும் நனைந்தால் தானே சூடாகும், குவியலாகக் கிடந்தால் யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் வேகும் என்றால் யார் நம்புவார்கள்? கூடை சுமந்தவர்கள் நம்பவில்லை. முதலாளியும் நம்பவில்லை. அது என் முன்னால் நடந்த பேச்சு.

மழைக்கு முன்னால், வைகாசி கடைசியில், முதலாளி காரில் வந்து இறங்கினார். வரிசையாக வேகன்கள் நின்றன. பொடிக்கரி, மலிவுச் சரக்கு. கொட்டகையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கரி இருந்தது. எங்கள் சூப்பிரண்டு பாலக்காட்டு அக்ரகாரத்துக்காரர், படித்த எஞ்சினியர். அவர் முதலாளிக்குப் பின்னாலேயே நடந்து போய்ச் சொன்னார்.

"ஆள் மார்பு உயரத்துக்கு மேலே அடுக்கப்படாது, கேட்டேளா. நடுவிலே வழி விடணும். இது பொடி வேறயாக்கும். மழை ஒழுகித்துன்னா உள்ளே சூடு கட்டும்."

முதலாளி நின்று அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, மழையில நனைஞ்சாச் சூடாகுங்கறீங்களா? எங்கூட்டுல வெறகு நனைஞ்சா அடுப்பே பத்தறதில்லீங்க."

"அது விறகு. இது கரி. நான் பறயறதைக் கொஞ்சம் கேளுங்கோ."

"இப்ப வந்த வேகனத் திருப்பி உட்டா ஆவணிக்கும் கெடைக்காதுங்க. எங்கீங்க கொட்டறது? உங்க அக்கிரகாரத்துலயா?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சூப்பிரண்டு சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை. கரி கொட்டகையின் ஓடு வரைக்கும் ஏறியது. சூப்பிரண்டு மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். தெரிந்தவர் ஒரு தடவை சொன்னார், கேலி செய்ததும் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் அந்தப் படிப்பு யாருக்கு?

ஆடியில் மழை நிற்கவே இல்லை. தெற்கே மலை தெரியவில்லை, வானம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. லைன் வீட்டுச் சுவரைக் கையால் தொட்டால் மண் ஒட்டிக்கொண்டு வரும். தரையில் ஊற்று. அவித்த நெல்லைக் காயப் போட இடமில்லாமல் அது முளை கட்டிப் புளித்து நாறியது. கட்டின சீலையை மாற்ற அடுத்த சீலை காய்ந்திருக்காது.

அந்த நாட்களில் ஒரு பகல் என் மனைவியின் அக்கா கொட்டகைக்குப் பின்னால் மழைக்கு ஒதுங்கிச் சுவரில் சாய்ந்தாள். கரிக்கூடை இறக்குகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. புருஷன் இல்லாதவள். வாய்க்கு முன்னால் எவனும் நிற்க முடியாது. அவள் கத்தியது எங்களுக்கு பாய்லர் அறை வரைக்கும் கேட்டது.

"அடியே, எல்லாரும் இங்க வாங்கடி! செவுரு காயுதடி!"

பெண்கள் ஓடினார்கள். ஆளாளுக்குக் கையை வைத்துப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா. தோசைக்கல்லாட்ட இருக்குது."

"பாய்லரு அந்தக் கோடியில கெடக்குது. இங்க எப்படிடி சூடு வரும்?"

"எப்படியோ வரட்டும். எங்கூட்டு நெல்லக் கொண்டாந்து கொட்டறேன்."

"என்ற ஊட்டுக்காரனயும் கொண்டாந்து சாத்தி வெக்கறேன். குளிருல முக்கறதாச்சும் நிக்கும்."

"நெல்லு காயும். உன்ற ஊட்டுக்காரன் காயமாட்டான்டி, அவன் உள்ளயும் ஈரம்."

சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள். "ஆடி மாசமல்லோ. அம்மன் வந்து குந்தியிருக்கறா. ஒருத்தியும் வாயத் தொறக்காதீங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா நாளைக்கே முள்ளு வெச்சு அடைச்சுப்போடுவானுக."

அப்படித்தான் ஆனது. சுவரோரமாகப் பாயை விரித்து நெல் காய்ந்தது, துணி காய்ந்தது. கொட்டகைக்குக் காற்றுப் போவதற்காகச் சுவரின் அடிப்பாகத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். அதில் ஒன்றிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. வெளியே காற்று அடித்தால் நிற்கும். அடங்கினால் திரும்ப வரும். முகத்தை அருகில் கொண்டுபோனால் யாரோ நம் மேல் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும் என்று பெண்கள் சொன்னார்கள். அந்த ஓட்டையைச் சுற்றி மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். அம்மன் மூச்சு என்று பெயர் வைத்தார்கள். ஆண்களான எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். பொம்பளைகள் காரியம் என்று விட்டுவிட்டோம். அந்தப் பக்கம் போனால் திட்டி விரட்டுவார்கள்.

அந்த மழையில்தான் என் மனைவிக்கு வலி வந்தது. நாள் ஆகவில்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி வெளியே வந்து, தன் இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினாள்.

"இத்தன்னூண்டு இருக்கறானுங்க. சூட்டுல வெச்சிருந்தாத் தேறிக்குவான். குளிரு பட்டுதுன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

சூட்டுக்கு எங்கே போவது? விறகு புகைந்தது, எரியவில்லை. கூரை ஒழுகியது. நான் பவர் ஹவுஸ் அடுப்பிலிருந்து தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தேன், வருவதற்குள் மழை அணைத்துவிட்டது. பகலெல்லாம் தீக்கு முன்னால் நிற்கிறவன் நான். என் பிள்ளைக்கு ஒரு கை சூடு கொண்டுவந்து கொடுக்க முடியவில்லை.

அக்கா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பனையோலையும் பாயும் வைத்து அந்தச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினாள். காற்று நுழையாமல் மூன்று பக்கமும் சாக்கைத் தைத்து அடைத்தாள். உள்ளே கயிற்றுக் கட்டில். அந்த ஓட்டைக்கு நேர் எதிரே தூளி. "அம்மன் மடியிலயே போட்டுட்டேன். இனி அவ பாத்துக்குவா," என்றாள். கரி வேகிற வாடை கொஞ்சம் வந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவது வழக்கம். அந்தப் புகையில் எந்த வாடையும் தெரியவில்லை.

எங்களில் பெற்றவளிடம் ஆண் போகக்கூடாது, தீட்டு கழியும் வரை. நான் சாக்குக்கு வெளியே நின்றுதான் பேச முடியும். ஷிப்ட் முடிந்ததும் போய் நிற்பேன்.

"எப்படி இருக்கறான்?"

"தூங்கறானுங்க மாமா. கையெல்லாம் வெதுவெதுன்னு இருக்குது. மேலு செக்கச் செவேல்னு ஆயிட்டுது. பொறந்தப்ப நீலமா இருந்தானல்லோ, இப்பப் பாத்தா அடையாளமே தெரியாதுங்க."

"பால் குடிக்கறானா?"

"எழுப்புனாக் குடிக்கறான். குடிக்கறப்பவே தூங்கிப் போயிர்றானுங்க."

"நீ?"

"தலைதானுங்க. மண்டைய ஆரோ கயித்துல கட்டி இறுக்கறாப்பல. வாந்தி வந்துட்டே இருக்குது. பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும்னு அக்கா சொல்றா. வெளிய போயி வந்தாச் சித்தக் கொறையுதுங்க."

"அழறானா?"

"அழுகையே இல்லீங்க." உள்ளேயிருந்து அவள் சிரித்தது கேட்டது. "நெம்ப நல்ல புள்ளைங்க மாமா உங்க புள்ளை."

லைனில் அப்போது வேறு கைக்குழந்தைகளும் இருந்தன. மழைச் சத்தத்தையும் மீறி அவை அழுவது கேட்கும். கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒன்றும் கேட்காது. பாய்லர் கதவைச் சாத்திவிட்டு நான் காது கொடுத்து நிற்பேன். எஞ்சின் சத்தம், மழை, வேறு யார் வீட்டுக் குழந்தையோ. என் பக்கம் அமைதி. எல்லாரும் அதைப் புண்ணியம் என்றார்கள். அழாத பிள்ளை உண்டா என்று எனக்குத் தோன்றியது. சொன்னால், ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் மழை விட்டது. வெயில் வந்தது. சூப்பிரண்டு முற்றத்தில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார். பார்வை இறங்கும்போது கொட்டகைக் கூரையில் நின்றது. மற்ற ஓடெல்லாம் கறுத்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்கு ஓடுகள் மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. அதன் இடுக்கில் மெல்லிசாக ஆவி எழும்பியது.

அவர் ஓடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வேட்டி தடுக்கத் தடுக்கக் கொட்டகையைச் சுற்றிப் பின்னால் ஓடினார். நானும் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அவர் மஞ்சள் பூசின சுவரில் கையை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இது என்ன இது? யாருடி உள்ளே? வெளியிலே வாங்கோ! எல்லாரும் வெளியிலே!"

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "சாமி, ஆம்பளைங்க வரப்படாதுங்க. பெத்தவ உள்ள இருக்கறா."

"பெத்தவளா? ஈசுவரா, இதுக்குள்ளேயா?"

அவர் அவளைத் தள்ளிவிட்டுச் சாக்கைக் கிழித்தார். தீட்டு வீட்டுத் திண்ணைக்கே வராத மனிதர், அந்தச் சாய்ப்புக்குள் குனிந்து நுழைந்தார். என் மனைவி தவழ்ந்து வெளியே வந்தாள். வாசலிலேயே வாந்தி எடுத்தாள். நிற்க முடியவில்லை. அவர் தூளியோடு பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தார்.

என் மகனை நான் முழுசாகப் பார்த்தது அப்போதுதான், அவர் கையில். கை கால் தொங்கியது. நிறம் மட்டும், அப்போதுதான் விரிந்த ரோஜாப்பூ மாதிரி. கன்னம், உதடு, நகக்கண் எல்லாம் சிவப்பு. அவ்வளவு அழகான குழந்தையை அந்த லைனில் யாரும் பெற்றதில்லை. இன்றைக்கும் யாராவது குழந்தையைக் காட்டி நல்ல நிறம் என்றால் நான் முதலில் அதன் நகக்கண்ணைப் பார்க்கிறேன்.

சூப்பிரண்டு அவனை வெயிலில், காற்றில் பிடித்துக்கொண்டு உள்ளங்காலில் அடித்தார். வாயில் வாய் வைத்து ஊதினார். திரும்ப அடித்தார். "அழுடா, அழு, அழு," என்றார். கடைசியில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டி கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி.

கம்பெனி லாரியில் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நன்றாகப் பார்த்தார். எங்கே படுக்க வைத்தீர்கள், தாய்க்குத் தலைவலி உண்டா என்று கேட்டார். பிறகு மலையாளத்தில் என்னிடம் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, மூளைக்கு என்ன ஆயிற்று என்பது வளர்ந்தால்தான் தெரியும். நான் இரண்டாவது பேச்சைக் காதில் வாங்கவில்லை. உயிர் இருக்கிறதே என்று நின்றேன்.

சூப்பிரண்டு வராந்தாவில் என்னை அழைத்து வாயுவைப் பற்றிச் சொன்னார். "கரி தன்னாலே வேகும்போது வருமாக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதுக்குன்னு வாசனையும் கிடையாது. ரத்தத்திலே போய் ஒட்டிண்டா மூச்சு இழுத்தும் பிரயோஜனம் இல்லை. அந்தச் சிவப்பு ஆரோக்கியம் இல்லைடா. விஷம். இன்னிக்கு வெயில் வராம இருந்திருந்தா ரெண்டு பேரும் இல்லை, மனசிலாச்சோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதை நீ வெளியிலே பறயாதே. இன்ஸ்பெக்டர் வருவான், பூட்டுவான். அத்தனை பேருக்கும் ஜோலி போகும்."

"நீங்க ஒருக்காச் சொல்லிப்போட்டு வாய மூடிக்கிட்டீங்க. இப்ப என்ற வாயையும் மூடச் சொல்றீங்களா?" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கொட்டகையைத் திறந்து கரியை வெளியே இழுத்தார்கள். மேலே கறுப்பு. உள்ளே போகப் போகப் புகை. நடுவில் எட்டியதும் செக்கச் சிவந்து கிடந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்திக்குச் சாமி வந்துவிட்டது. அக்கா அந்தச் சுவருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

எனக்கு லீவு கொடுத்திருக்கலாம். பயர்மேன் ஒருவனுக்குக் காய்ச்சல், ஆள் இல்லை. முதலாளியிடமிருந்து தகவல் வந்தது. அந்தக் கரியை வீணாக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றி அணைத்து நேராக அடுப்புக்குப் போடுங்கள் என்று. இரும்புக் கூடையில் ஆவி பறக்கக் கொண்டுவந்து என் காலடியில் கொட்டினார்கள். என் பிள்ளையின் ரத்தத்துக்குள் போனது இதுதான் என்று தெரிந்து, அதை நான் அள்ளி அள்ளி உள்ளே தள்ளினேன். ஆவி நன்றாக ஏறியது. அழுத்தம் காட்டும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சாயங்காலம் சினிமாக் கொட்டகை ஒலிபெருக்கியில் இசைத்தட்டு போட்டது எங்களுக்குக் கேட்டது. கடைத்தெரு முழுக்க விளக்கு எரிந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மனைவியும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுவதென்று இருந்தேன். சூப்பிரண்டு சொன்னதற்காக மறைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் எனக்கு முன்னால் அக்கா கதை சொல்லிவிட்டாள். அம்மன் பிள்ளையை மடியில் வைத்திருந்தாளாம். நேரம் ஆகுமுன் ஒரு ஆம்பளை திரையைக் கிழித்துவிட்டானாம். அதனால் கோபத்தோடு தீயாகக் கிளம்பிப் போனாளாம். உயிரை மட்டும் நமக்கு விட்டுவிட்டுப் போனாளாம்.

நான் போய் உட்கார்ந்ததும் என் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா கேட்ட கேள்விகள் அவள் மனதில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். நானா அவனக் கொண்டுபோயி அங்க போட்டேன்? அம்மன் கூப்புட்டுத்தானுங்க போனேன்?"

இதற்கு என்ன சொல்வீர்கள்? நீயேதான் அந்த ஓட்டைக்கு நேரே தொங்கிய தூளியைப் பார்த்துக்கொண்டு, அவன் நன்றாகத் தூங்குகிறான் என்று சிரித்துக்கொண்டிருந்தாய் என்று சொல்வீர்களா? நான் சொன்னேன்.

"அம்மன் கூப்புட்டுத்தான் போனே."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். அன்றோடு எனக்கு வாய் அடைபட்டது. முதலாளிக்கு என்ன வேண்டுமோ அதையே நான் செய்தேன். அவனுக்காகச் செய்யவில்லை. ஆனால் பலன் அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பையன் கழுத்து நிற்க வெகுகாலம் ஆனது. நடக்க அதற்கும் மேல். பேச்சு வரவே இல்லை. அடி பட்டாலும் அழமாட்டான். கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி தன் காய்ச்சல்காரப் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அது தானாகவே இறங்க வேண்டிய காய்ச்சல். இறங்கியது. அவ்வளவுதான், அம்மன் பிள்ளை என்று பெயர் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். என் மனைவி அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, திருநீற்றுத் தட்டோடு உட்கார வைத்தாள். அவன் தொட்டுத் தொட்டுக் கொடுப்பான். கொடுக்கும்போது அவனுக்குச் சந்தோஷம். அவளுக்கு அதைவிட.

ஆடி தோறும் அந்தச் சுவருக்கு முன்னால் பொங்கல் வைத்தார்கள். பானையைச் சுமந்துகொண்டு நானும் போவேன். கற்பூரம் காட்டும்போது அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். நான் கையைக் கூப்புவேன். எதிரே அந்த ஓட்டை. கரியெல்லாம் எப்போதோ தீர்ந்துபோய், உள்ளே வெறும் இருட்டு. இருந்தும் எனக்கு அதிலிருந்து வெதுவெதுவென்று முகத்தில் படும். மனப்பிராந்தி என்று எனக்கே தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதலாளி அங்கே ஒரு வெண்கல மணி கட்டினார். தன் பெயரை அதில் வெட்டி வைத்தார். அப்புறம் மலையிலிருந்து தண்ணீரில் எடுத்த கரண்ட் கம்பி வழியாக வந்து சேர்ந்தது. கரிக்கு இனி வேலை இல்லை என்று பாய்லரை அணைத்தார்கள். எஞ்சினைப் பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். கொட்டகையை இடித்தபோது மூன்று சுவரைத் தள்ளினார்கள். நாலாவதில் கடப்பாரை வைக்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை. சூப்பிரண்டு ஊரை விட்டுப் போகுமுன் ஒரு நாள் அங்கே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, மணியையும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். என் வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் உட்காரச் சொல்லியிருக்கமாட்டேன்.

என் மனைவி போன வருஷம் இறந்துபோனாள். கடைசி வரைக்கும் நம்பிக்கையோடு இருந்தாள். இனிமேல் நான் யாருக்காக மறைக்க வேண்டும்?

காரியம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமையே வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரி, வாயு, ஓட்டை, தூளி, எல்லாம். ஒருவர் விடாமல் தலையை ஆட்டிக் கேட்டார்கள். "பொண்டாட்டி போன துக்கம், பாவம், என்னமோ பேசறாருங்க," என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். அடுத்த வெள்ளியும் வந்தார்கள். திரும்பவும் சொன்னேன். அம்மனைப் பழிக்கிறான் என்று ஒரு கிழவன் என் மேல் மண்ணை வாரி இறைத்தான்.

போன வாரம் ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் குழந்தை, ஓயாமல் வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அவளுக்குக் கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

"ஏனுங்க, பொழுதன்னிக்கும் அழுதுட்டே இருக்கறானுங்க. நாங்களும் தூங்கி நாளாச்சு. உங்க மவன் ஒருக்காத் தொட்டா அடங்கிருவானுங்களாம்."

என் மகன் பின்னாலிருந்து வந்துவிட்டான். நரை விழுந்துவிட்டது அவனுக்கு. குழந்தையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். நான் நடுவில் நின்றுகொண்டேன்.

"அடங்க வேண்டாம் அம்மிணி. அழட்டும். வயித்துல என்னமோ கோளாறு இருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இந்நேரமே போனா டாக்டரு இருப்பாரு."

"ஒருக்காத் தொடட்டுமுங்க. உங்களுக்கு என்னுங்க குறைஞ்சு போகுது?"

"போன்னு சொல்றேன்!"

நான் கத்தியதில் குழந்தை இன்னும் ஓங்கி அழுதது. அவள் என்னை ஒரு மிருகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு நடந்தாள். தலையை மூடாதே என்று பின்னாலேயே கத்தினேன். பஸ் நிற்கிற திருப்பம் வரைக்கும் அந்த அழுகை கேட்டது. கேட்கிற வரைக்கும் நான் வாசலை விட்டு நகரவில்லை. என் மகன் கையை நீட்டினபடியே எனக்குப் பின்னால் நின்றான்.